அம்மா உடன் வரவில்லை

அன்று கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், ஆறு மாத வயிற்றோடு மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்த என் மனைவி செல்வி, சத்திரத்துச் செயலாளர், அப்புறம் அவர். வேறு யாரும் இல்லை. தூறலுக்கு ஒதுங்கியவர்கள்கூட வாசலோடு நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் நான் பயந்த ஆள். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்க்கிறவன். தனியாக உட்கார்ந்து எதையோ நினைத்துக்கொண்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

திருப்பதி ரயிலடிக்குப் பின்பக்கச் சந்தில் எனக்கு ஒரு நெட் சென்டர், பின்கட்டிலேயே வீடு. பிச்சாட்டூரில் ஒன்பதாவது பாதியில் படிப்பை விட்டு, கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தேன். டிக்கெட் போடுவது, பிரிண்ட் எடுப்பது, விண்ணப்பம் நிரப்பித் தருவது, இதுதான் பிழைப்பு. மலைக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் தங்குகிற பழைய சத்திரம் ஒன்று பக்கத்துத் தெருவில் இருக்கிறது. அதன் செயலாளர், இனிமேல் ரூமை வீட்டிலிருந்தே போனில் பதிவு செய்கிற மாதிரி ஒரு படிவம் செய்து தரச் சொன்னார். எனக்கு அது தெரியாது. விசாரித்து, தெரிந்த ஒருவரைச் சித்தூரிலிருந்து வரவழைத்தேன். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

படிவத்தை அன்றைக்கு இன்னும் வெளியே விடவில்லை. செயலாளர் முதன்முறையாகப் பார்க்க வந்திருந்தார். திரையில் பதிவுப் பட்டியல் இருந்தது. அதில் இருந்த பெயர்கள் எல்லாம் சித்தூர்க்காரர் சோதனைக்காக அடித்தவை. என் கண் முன்னால், வாயால் சொல்லிக்கொண்டே அடித்தவை.

அப்போது ஒரு அம்மா குடையை மடக்கியபடி உள்ளே வந்தார்.

"சத்திரத்து ஐயா இங்க கீறார்னு வாச்மேன் சொன்னான். ரூம் சொல்லி வெச்சிருந்தேன். கிருஷ்ணவேணி, நாகலாபுரம். கீழ் ரூமா கேட்டிருந்தேன், முட்டி மடக்க முடியல."

செயலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். "கிருஷ்ணவேணி, நாகலாபுரம். வயசு அறுபத்திரண்டு. தனி ஆள், கீழ்த்தளம், முட்டி வலி. இருக்குதும்மா."

முந்தின வாரம் அந்த வரியைச் சித்தூர்க்காரர் சோதனைக்காக அடித்தபோது செல்விகூட, "யாரு சார் அது, உங்க சொந்தமா?" என்று கேட்டாள். "இல்லம்மா, ஒரு ஆள்" என்றார் அவர்.

"எப்படிம்மா பதிவு பண்ணீங்க?" என்று நான் கேட்டேன்.

"எனக்கு இன்னாப்பா தெரியும். பக்கத்து வூட்டுப் பொண்ணு போன்ல போட்டுக் குடுத்திச்சி."

திறக்காத படிவத்தில் எந்தப் பெண் எப்படிப் போடுவாள். நான் சித்தூர்க்காரரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எழுந்து, தன் நாற்காலியைத் துடைத்து, அந்த அம்மாவுக்கு நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்கம்மா. பஸ்ஸுல எடம் கெடச்சிதா?"

ரொம்ப நாளாக எதிர்பார்த்திருந்த விருந்தாளியைக் கேட்பது போலக் கேட்டார். செயலாளருக்கு ஒன்றும் புரியவில்லை, அவருக்கு ஒரே சந்தோஷம். "பரவால்லப்பா, கடை தொறக்கறதுக்கு முன்னாலயே போணி ஆவுது" என்றார். செல்வி மட்டும் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு எதுவும் பயம் கிடையாது.

சித்தூர்க்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். அரைக்கை வெள்ளைச் சட்டை, வழித்து வாரிய தலை, கையில் நான்கு அடுக்கு டிபன் கேரியர். முதல் நாள் அவர் கேரியரைத் திறந்தபோது சாப்பிடத்தான் போகிறார் என்று செல்வி தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். உள்ளே சாப்பாடு இல்லை. அடுக்குக்கு இரண்டு மூன்றாகப் பழைய போன்கள், ஒவ்வொன்றும் ஒரு கைக்குட்டையில் சுற்றி. கண்ணாடி விரிசல் விட்ட போன், பட்டன் தேய்ந்த போன், ரப்பர் பேண்டு போட்டால்தான் பேட்டரி நிற்கும் போன். பந்தி பரிமாறுவது போல வரிசையாக மேஜைமேல் வைத்தார்.

"இது புத்தூர்ல ஒரு டீச்சரம்மா. அப்டேட்டு கேட்டா பயந்துக்கினு வாணாம்னு அமுக்கிடுவாங்க. இது ஸ்ரீசிட்டி கம்பெனிப் பையன், போன் ரொம்பிப் போயி பிரவுசரே பாதிதான் வரும். இது உங்க ஊரு, பிச்சாட்டூரு. ஏரிக்கரைல டீக்கடை."

"அவங்க போனா சார் இதெல்லாம்?"

"அவங்களுது மாதிரி."

பிச்சாட்டூர் ஏரிக்கரையில் எனக்குத் தெரியாத டீக்கடை கிடையாது. யாரைச் சொல்கிறார் என்று யோசித்தேன். கேட்கவில்லை. கேட்டால் அவர் பெயரும் சொல்லிவிடுவார் என்று தோன்றியது.

வேலை இதுதான். நல்ல கம்ப்யூட்டரில் தேதிக் கட்டத்தைத் தொட்டால் காலண்டர் விரியும். பழைய போனில் விரியாது, வெறும் கட்டம்தான் நிற்கும். ஒருவர் நாளை முதலில் அடிப்பார், ஒருவர் மாதத்தை முதலில் அடிப்பார். புது கம்ப்யூட்டரில் ஊர்ப் பெயர் போடாமல் அனுப்பினால் தடுக்கும், பழையதில் காலியாகவே போய்ச் சேரும். எந்தப் பிரவுசரில் திறந்தாலும் படிவம் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் அவர் ஸ்கிரிப்ட், அதாவது படிவத்தை இயக்குகிற கட்டளைகள், எழுதினார். ஒரு பிரவுசரில் சரியானால் இன்னொன்றில் உடையும். மறுபடி கேரியரின் முதல் அடுக்கிலிருந்து ஆரம்பிப்பார்.

"எது எந்தப் பிரவுசர்னு கேட்டுத் தெரிஞ்சிக்கினு, அதுக்குத் தக்கபடி எழுதிட்டாப் போவுது இல்ல சார்?" என்று ஒரு நாள் கேட்டேன். புத்திசாலித்தனமாகக் கேட்டுவிட்டதாக நினைப்பு.

"பேரைக் கேக்கக் கூடாது தம்பி. எல்லாப் பிரவுசரும் பேர் விஷயத்துல பொய் சொல்லும்."

"அதுங்க ஏன் சார் பொய் சொல்லுதுங்க?"

"ஒரு காலத்துல பேரைக் கேட்டுத்தான் உள்ள வுட்டாங்க. பெரிய பேரு இல்லன்னா கதவைச் சாத்திட்டாங்க. அதனால பின்னால வந்ததெல்லாம் முன்னால வந்ததோட பேரையும் சேத்துச் சொல்லிக்கினு உள்ள வந்துச்சிங்க. இன்னிக்கும் அப்படித்தான். பேரைக் கேக்காத. உனக்குக் காலண்டர் காட்டத் தெரியுமான்னு கேளு. தெரியாதுன்னா பரவால்லன்னு சொல்லி, நாளு, மாசம், வருஷம்னு மூணு பொட்டி குடு. தெரியாதுன்னு சொல்றதுல மட்டும் அதுங்க பொய் சொல்லாது."

ஆட்களிடமும் அவர் அப்படித்தான். கடைக்கு வருகிறவர் யார், என்ன ஜாதி, எந்த உத்தியோகம் என்று விசாரிக்க மாட்டார். "உங்களுக்கு இங்கிலீஷ்ல அடிக்க வருமா?" என்று மட்டும் கேட்பார். வராது என்றால், வராததுதான் இயல்பு என்பது போலத் தலையாட்டுவார்.

நானும் இந்த மாதிரிப் படிவங்களைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் செய்வதுபோலப் பெயர் கட்டத்தில் ஒரே எழுத்தை நான்கு தடவை அமுக்கி, ஊரில் இன்னொரு எழுத்தை அமுக்கி அனுப்பிவிடுவேன். ஒரு நாள் அவர் டீ குடிக்க எழுந்தபோது உதவி செய்யலாம் என்று அப்படி ஒன்றை அனுப்பினேன். திரும்பி வந்து பார்த்தவர், டம்ளரைக் கீழே வைத்தார்.

"இந்த ஆளு எந்த ஊரு?"

"சும்மா சார். டெஸ்ட்டு."

"இவருக்கு இன்னா வயசு? எதுக்கு மலைக்கு வராரு? கூட யாரு வராங்க?"

நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒவ்வொரு கேள்வியிலயும் வழி ரெண்டா பிரியுது தம்பி. ஆமான்னா ஒரு வழி, இல்லன்னா ஒரு வழி. எல்லா வழியிலயும் ஒரு ஆள் முழுசா நடந்து போய்ப் பாக்கணும். இது ஆளே இல்ல. இது நடந்தா வழி நல்லாக் கீதா, பள்ளமாக் கீதான்னு எப்படித் தெரியும்?"

அதனால்தான் அவர் அடித்தவர்கள் எல்லோருக்கும் ஊர் இருந்தது, வயது இருந்தது, ஏதாவது ஒரு நோவு இருந்தது. ஒருவருக்குப் பெயர் மிக நீளம், கட்டத்தில் அடங்காது. ஒருவருக்கு வெறும் ஒற்றை எழுத்து இனிஷியலும் மூன்றெழுத்துப் பெயரும். அடித்து முடித்ததும் அவர் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிடுவார். திரையை ஒரு கணம் பார்ப்பார். "போய்ட்டு வாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் அனுப்புகிற பட்டனை அமுக்குவார். ஊருக்குக் கிளம்புகிறவரை வாசல்வரை வந்து விடுவது போல இருக்கும். செல்வி அதைப் பழித்துக் காட்டுவாள். வாஷிங் மெஷினைப் போடும்போதுகூட "போய்ட்டு வாங்க" என்பாள். நானும் சிரித்தேன், கிருஷ்ணவேணி அம்மாள் வரும்வரை.

அந்த அம்மாவைச் செயலாளர் கூட்டிக்கொண்டு போன பிறகு அவரிடம் கேட்டேன்.

"உங்களுக்கு அவங்களை முன்னயே தெரியுமா சார்?"

"பஸ்ஸுல எங்கயாவது பாத்திருப்பேன் தம்பி. கேட்டது காதுல வுழுந்து மனசுல தங்கி இருக்கும்."

"அப்படித்தான் இருக்கும் இல்ல?"

"அப்படியே வெச்சிக்கலாம்" என்றார்.

அப்படியே வைத்துக்கொள்ளத்தான் நானும் பார்த்தேன். பத்து நாள் கழித்து ஸ்ரீசிட்டியிலிருந்து ஒரு பையன் போன் செய்து, கம்பெனியில் லீவு தரவில்லை, ரூமை ரத்து செய்யுங்கள் என்றான். ரத்து செய்கிற வழியைச் சோதிக்க அவர் முன்பே அடித்திருந்த ஆளின் பெயரும் அதே, காரணமும் அதே. லீவு கிடைக்காதது யாருக்கும் நடப்பதுதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று முதல் அவர் வந்து உட்கார்ந்தால், யாரை அடிக்கிறார் என்று பின்னால் நின்று பார்க்க ஆரம்பித்தேன்.

கூலி வாங்குவதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. சத்திரத்துப் பணத்தைச் செயலாளர் என்னிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டார். அதில் சித்தூர்க்காரர் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டார், அதுவும் ரொக்கமாக. மீதியைக் கொடுத்தபோது கையை விலக்கினார். "எல்லா வழியிலயும் நெசமான ஆள் ஒருத்தராவது போகட்டும். அன்னிக்குத்தான் என் வேலை முடிஞ்சிது. அன்னிக்கி வாங்கிக்கிறேன்."

கிருஷ்ணவேணி அம்மாள் வந்த அன்றே செயலாளர் இன்னொன்றையும் சேர்க்கச் சொல்லியிருந்தார். கைக்குழந்தைக்கு முதல் மொட்டை போட வருகிறவர்களுக்குக் கீழ் ரூம் தர வேண்டும். தாயும் கூட வந்தால் வெந்நீர் வசதி உள்ள ரூம். தாய் வரவில்லை என்றால் சத்திரத்து வேலைக்கார அம்மா ஒருத்தி கூட இருந்து, பால் காய்ச்சிக் கொடுத்து, குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். அதற்கு ஒரு கேள்வி: "குழந்தையின் அம்மா உடன் வருகிறாரா?" ஆம் என்றால் தாயின் பெயரைக் கேட்கும் கட்டம் திறக்கும். இல்லை என்றால் அந்தக் கட்டமே தெரியாமல் மறைந்துவிடும்.

"இல்லன்னு சொன்னவன் கண்ணு முன்னால அந்தப் பொட்டி காலியா நிக்கக் கூடாது" என்றார் அவர். எல்லாப் போனிலும் அது மறைகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் பேண்டு போட்ட போனில் மட்டும் மறையாமல் அடம் பிடித்தது. அதையும் மறைய வைத்த பிறகுதான் தண்ணீர் குடித்தார்.

அடுத்த முறை அவர் வந்தபோது செல்விக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. கல்யாணமாகி எட்டு வருடம் கழித்து நின்ற பிள்ளை. அதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் குறைவு என்றார்கள், நான் தினமும் பேரீச்சம்பழம் எண்ணி வைத்தேன். அவள் "நான் இன்னா ஒட்டகமா" என்று கேட்டுவிட்டுத் தின்பாள். அன்று அவளுக்கு மாத்திரை வாங்கப் போய்விட்டு வந்தேன். அவர் ஒரு போனைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். திரையில் பட்டியல். கடைசி வரியில் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

ஊர், பிச்சாட்டூர். பெண் குழந்தை, பதினோரு மாதம். வரும் நாள், அடுத்த வருடம் புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா உடன் வருகிறாரா, இல்லை.

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். வயிற்றில் இருந்த பிள்ளைக்கு அன்றைக்குப் பதினோரு மாதம் சரியாக வந்தது.

"இன்னா சார் இது?"

"அந்த வழியில ஒரு ஆள் போவணும் இல்ல தம்பி."

"அதுக்கு எம் பேரா சார் கெடச்சிது?"

அவர் போனை வைத்தார். "நான் யோசிச்சிப் போடல. கையை வெச்சேன், வந்திச்சி. அனுப்பின அப்புறம்தான் பாத்தேன்."

"அழிச்சிடுங்க."

"அழிக்கலாம். லிஸ்ட்ல இருந்து போயிடும்." கைக்குட்டையை மடித்தார். "போன ஆளு திரும்பி வந்துட்டதா ஆவுமான்னு எனக்குத் தெரியாது."

உள்ளே சமையலறையில் செல்வி எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழக் கூடாது என்று குரலை இறக்கினேன். "அப்ப அந்தக் கேள்வியையே எடுத்துடுங்க சார். அம்மா வராங்களா இல்லையான்னு யாரும் கேக்க வாணாம். கைக்கொழந்தைன்னா அம்மாவோடதான் வருவாங்க."

அவருக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தம் போடவில்லை. ஆனால் முகம் மாறிவிட்டது.

"எடுத்துட்டா? நெசமா ஒருத்தன் வருவான் தம்பி. ஒரு கைல கொழந்தை, ஒரு கைல போனு. அம்மா பேரு எழுதுன்னு பொட்டி நிக்கும். எழுதாம அடுத்ததுக்குப் போவாது. செத்தவ பேரை எழுதிட்டு, கூட வரான்னு பொய் சொல்லணும் அவன். இல்லன்னா ரூமு கெடைக்காம ரோட்ல நிக்கணும். அவன் மூஞ்சில அடிக்கிற மாதிரி ஃபாரம் நான் எழுத மாட்டேன்."

"எனக்கு அவனைத் தெரியாது சார். செல்வியைத்தான் தெரியும்."

அவர் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். செல்வி எட்டிப் பார்த்து, "சார், சோறு ஆயிடிச்சி, துன்னுட்டுப் போங்க. கேரியர்ல போனு தானே கீது, அதையா துன்னுவீங்க" என்றாள். "இன்னொரு நாளைக்கிம்மா" என்று அவர் சிரித்தார். போன்களை ஒவ்வொன்றாகச் சுற்றிக் கேரியரில் அடுக்கினார். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் சொன்னார்.

"சரி. அந்த வழியில வேற ஆளை அனுப்பறேன்."

"யாரை சார்?"

"பாக்கலாம்."

சித்தூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் முதல் வேலையாகப் பட்டியலைப் பார்த்தேன். அந்த வரியில் என் பெயர் இல்லை. ஊர், சித்தூர். மற்றதெல்லாம் அப்படியே இருந்தன. அதே வெள்ளிக்கிழமை, அதே பெண் குழந்தை, அதே பதினோரு மாதம், அதே இல்லை. தகப்பனார் பெயர் இருந்த இடத்தில் அவர் தன் பெயரைப் போட்டிருந்தார். எங்களுக்கு அவர் சொல்லியிருந்த பெயர்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. செல்வி ஒரு தடவை கேலியாகக் கேட்டபோது, "அந்தப் பக்கம் நான் போவலம்மா" என்று சொல்லியிருந்தார். போன் செய்தேன்.

"சார், உங்க பேரைப் போட்டுக்கினீங்களே."

"சும்மா ஒரு ஆள் தானே தம்பி. நீங்க வூட்டைப் பாருங்க. அந்த ஒரு வரியை மட்டும் யாரும் தொடாம வெச்சிக்கங்க."

அதுதான் அவரோடு நான் பேசிய கடைசிப் பேச்சு. படிவத்தைத் திறந்தோம். சோதனை வரிகளை எல்லாம் எடுத்தேன், அதை மட்டும் விட்டேன். ஐப்பசி வரையில் அவர் போன் அடித்துக்கொண்டிருந்தது, எடுக்கத்தான் ஆள் இல்லை. அப்புறம் அடிக்கவும் இல்லை.

ஐப்பசியில் செல்விக்கு நாள் ஆகும் முன்பே ரத்தம் பட்டது. ஆட்டோவில் என் மடியில் தலை வைத்திருந்தவள், "இன்னாய்யா, நீ ஏன் இப்படி நடுங்கற, பெத்துக்கப் போறது நானு" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கையெழுத்து கேட்டார்கள், ரத்தம் கேட்டார்கள். நான் சுவரோரம் நின்று போனில் சத்திரத்துப் பட்டியலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரியில் யார் பெயர் இருக்கிறது என்று. சாமி பெயரைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் அதைத்தான் செய்தேன். அவர் பெயர்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் பெயர்தான் இருந்தது.

நர்ஸ் வெளியே வந்து, பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள் என்று தெலுங்கில் சொன்னாள். நான் அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே, இதே நேரத்தில் வேறு எங்கோ ஒரு சுவரோரம் ஒருவர் நிற்கிறாரோ என்று தோன்றிவிட்டது. அதன் பிறகு அந்த அழுகையில் சந்தோஷம் இல்லை.

ஒரு வருடம் போனது. குழந்தை குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், மவுஸ் வயரைக் கடித்தாள். படிவத்தில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். குடும்பமாக வந்தார்கள், தனியாக வந்தார்கள், ரத்து செய்தார்கள், தேதியை மாற்றினார்கள். எல்லா வழிகளிலும் யாராவது போய்விட்டார்கள். ஒரே ஒரு வழியில்தான் யாரும் போகவில்லை. கைக்குழந்தையோடு வந்தவர்கள் எல்லோரும் தாயோடுதான் வந்தார்கள். அது நல்லதுதானே என்று நினைத்தேன். யாரும் போகாமலே இருக்கட்டும், அவர் பணம் என்னிடமே கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்தப் புரட்டாசி வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், செல்வியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு பிச்சாட்டூருக்குப் போய்விட்டேன். எதற்கு என்று செல்வியிடம் சொல்லவில்லை. "மொட்டை போட மலைக்குப் போவலாம்னா, நீ எதிர்த்தாப்பல போற" என்றாள். வெள்ளிக்கிழமை முழுக்க அவள் பின்னாலேயே நடந்தேன். கிணற்றடிக்குப் போனால் போனேன், கடைக்குப் போனால் போனேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை காலையில் செயலாளர் போன் செய்தார்.

"எங்கப்பா போய்ட்ட? நேத்து உன் சித்தூர் ஆளு வந்திருந்தாரே."

"யாரு சார்?"

"ஃபாரம் எழுதினவருப்பா. ரூம் போட்டிருந்தாரே. கைல கொழந்தை. பொண்ணு. மலையில மொட்டை போட்டுச் சந்தனம் பூசி எடுத்துக்கினு வந்தாரு. அம்மா வரலன்னு லிஸ்ட்ல இருந்திச்சி, நம்ம வேலைக்கார அம்மாவை அனுப்பிட்டேன். பால் காய்ச்சிக் குடுத்தா. ராத்திரி தங்கிட்டு, விடிஞ்சதும் கெளம்பிட்டாரு."

"அவருதானா சார்? நல்லாப் பாத்தீங்களா?"

"கேரியரைத் தூக்கிக்கினு வந்தாருப்பா. இந்தத் தடவை அதுல பால் பாட்டிலும் துணியும் இருந்திச்சி. ஆனா ஆதார் அட்டை கேட்டேன் பாரு, அதுல வேற பேரு. லிஸ்ட்ல இருக்கற பேரு இல்ல. கைக்கொழந்தையோட நிக்கற மனுஷன்கிட்ட பேரைப் பத்தி இன்னா பேசறதுன்னு வுட்டுட்டேன்."

"இன்னா பேரு?"

"கூட்டத்துல யாருக்கு ஞாபகம் இருக்குது. உன்னைத்தான் கேட்டாரு. பொண்டாட்டி, புள்ள சௌக்கியமான்னு. சௌக்கியம், ஊருக்குப் போயிருக்காங்கன்னேன். அப்பாடான்னு படிக்கட்டுல உக்காந்துட்டாரு."

"கொழந்தை யாரு மாதிரி இருந்திச்சி சார்?"

"மொட்டை அடிச்சிட்டா எல்லாக் கொழந்தையும் ஒரே மாதிரிதான்பா" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை, பாக்கிப் பணத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு சித்தூருக்குப் போனேன். கட்டமஞ்சிப் பக்கம் குடியிருப்பதாக ஒரு தடவை சொல்லியிருந்தார். அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பழைய போன்களைக் கேரியரில் எடுத்துப் போகிறவர் என்று கேட்டதும் ஒரு வீட்டுக்கார அம்மா, "ஓ, அவரா" என்று வேறொரு பெயரைச் சொன்னார். நாங்கள் கேள்விப்படாத பெயர்.

"காலி பண்ணிக்கினு போய் ஒரு வருஷம் ஆவுதே. போன ஐப்பசி. மழை பெஞ்சிக்கினே இருந்திச்சி, யாரோ கூப்பிட்டாங்கன்னு கெளம்பிப் போனவரு, சாவியை ஆளுகிட்ட குடுத்தனுப்பிட்டாரு."

"கொழந்தை இருந்திச்சாம்மா அவருக்கு?"

"கொழந்தையா? ஒண்டி ஆளு. அவரைத் தேடிக்கினு ஒரு பொம்பளை வந்து நான் பாத்ததே இல்ல." என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நீங்க அவருக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார்.

அவர் இருந்த அறையை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேறு யாரோ அரிசி மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தத் தெருவிலேயே இன்னும் இரண்டு இடத்தில் கேட்டேன். ஒரு கடைக்காரர் மூன்றாவதாக ஒரு பெயர் சொன்னார். எந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுவது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது போனில் பட்டியலைத் திறந்தேன். அந்த வரிக்கு எதிரே வந்து தங்கிப் போனதற்கான அடையாளத்தைச் செயலாளர் போட்டிருந்தார். சோதனை வரி என்று அதை இனி யாரும் சொல்ல முடியாது. தகப்பனார் பெயர் இருக்கிறது, அது யார் என்று தெரியவில்லை. குழந்தையின் வயது இருக்கிறது. செல்விக்குப் பதிலாக எங்கோ ஒரு பெண் உடன் வரவில்லை. அவள் யார் என்று பார்க்கலாம் என்றால், இல்லை என்று சொன்னால் தாயின் பெயரைப் படிவம் கேட்காது. அந்தக் கட்டம் எந்தப் பிரவுசரிலும் தெரியாமல் மறைகிற மாதிரி எழுதியவர் அவர்தான்.

இப்போது எல்லா வழிகளிலும் நிஜமான ஆட்கள் போய்விட்டார்கள். அவர் சொன்ன கணக்குப்படி அவர் வேலை முடிந்துவிட்டது. அவருக்கு நான் இன்னும் தர வேண்டியது ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.